நாலு விரல் உயரப் புல்

அண்ணை,

இன்று விம்பிள்டனில் என் ஃபிளாட்டுக்குக் கீழே கவுன்சில்காரர்கள் புல் வெட்டினார்கள். ஜன்னல் வழியே வந்த அந்தப் பச்சை வாசத்தில், தேநீர் ஆறும்வரை உங்களை நினைத்துக்கொண்டு நின்றேன்.

எண்பதுகளில் பிளேஸ்டோவில் ஒரே அறையில் இருந்தோம். ஊரில் மேய்ச்சல் தரைகளைக் கவனித்த அரசாங்க உத்தியோகத்தரான நீங்கள், இங்கே ஆஸ்பத்திரியில் தரை துடைத்தீர்கள். பிறகு செவன் கிங்ஸ் என்ற ஊருக்கு அப்பால் இறைச்சி மாடு வளர்த்த ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் வேலைக்குச் சேர்ந்தீர்கள். தானாய் வளர்ந்த புல்லை உழுதுவிட்டுப் புதுப்புல் விதைக்க இருந்த அவரை நீங்கள்தான் தடுத்தீர்கள். மண்ணைப் பெயர்த்து, ஒரு முழம் ஓடியிருந்த வேரைக் காட்டினீர்களாம். பிறகு நிலத்தை நாலாகப் பிரித்து வேலி போட்டீர்கள்.

"நாலு விரலுக்குக் கீழை திண்ண விடக்கூடாது. மாட்டை மற்றப் பக்கம் மாத்திவிட வேணும். புல்லுக்கும் ஆறுதல் வேணுமடா" என்று எனக்குச் சொன்னீர்கள். அடுத்த கோடையில் சுற்றுவட்டாரம் காய்ந்து கிடக்க, அந்த நிலம் மட்டும் பச்சையாக நின்றது.

ஒரு ஞாயிறு நானும் வந்து பார்த்தேன். உங்கள் குரல் கேட்டதும் மாடுகள் தலை தூக்கின. திரும்பும் வழியில் கேட்டேன்: "திருநீறு பூசுறியள். வெட்டப் போற மாட்டைக் கொழுக்க வைக்கிறியள். கூசேல்லையோ?"

"கூசுது. லொறி வாற நாளிலை நான் சாப்பிடுறேல்லை. ஆனா எனக்குத் தெரிஞ்ச வேலை இது ஒண்டுதான்."

அந்த மாதமே அறையை விட்டு விம்பிள்டனுக்கு வந்துவிட்டேன். வேலை காரணமென்றேன். நம்பியவர்போலத் தலையாட்டினீர்கள்.

தொண்ணூறுகளில் மாட்டுப் பைத்திய நோய் வந்தது. கிழவருடைய மாடுகளுக்கு நோயில்லை. ஆனாலும் இறைச்சி வாங்க ஆளில்லாமல், மாடு வளர்ப்பதையே அவர் விட்டுவிட்டார். ஒரு மாலை நீங்கள் எனக்குப் போன் எடுத்தீர்கள்.

"மாடெல்லாம் போயிட்டுதுகள். புல்லு இடுப்பளவு நிக்குது." பிறகு அவசரமாகச் சொன்னீர்கள்: "ஒண்டுமில்லை, சும்மாதான் எடுத்தனான்."

"ஷிப்ட் இருக்கண்ணை. அடுத்த கிழமை வாறன்."

ஷிப்ட் இருக்கவில்லை. அடுத்த கிழமைக்குள் உங்கள் இதயம் நின்றுவிட்டது.

தகனத்துக்கு ஆறேழு பேர்தான் வந்திருந்தோம். அந்தக் கிழவர் என்னிடம் வந்து, நீதான் தம்பியா என்று கேட்டார். ஆமென்று தலையசைத்தேன். நீங்கள் எப்போதும் என்னைப் பற்றித்தான் பேசுவீர்கள் என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

என்னைப் பற்றி என்ன சொன்னீர்கள், அண்ணை? அன்று அவரிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. இன்றுவரை அந்தக் கேள்வியோடுதான் இருக்கிறேன்.