நட்சத்திர மொய்

அன்புள்ள மோகனப்ரியாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உங்கப்பாவும் உன் அண்ணன் கோபி வீட்டாரும் சௌக்கியம், மெஸ்ஸுக்குத்தான் உடம்பு சரியில்லை. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன், இவ்வளவு தூரத்திலிருந்து வேறென்ன செய்ய முடியும். போனில் பேசலாம் என்றால் உங்கப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் இதை எழுதி நார்த்தங்காய் ஊறுகாய் பார்சலுக்குள் வைக்கிறேன். மேப்பில் நம் மெஸ் ஏன் காணாமல் போனது என்று நீ கேட்டபோது, "சர்வர் பிராப்ளம்மா, தானா வந்துரும்" என்றாரே, அதை நம்பாதே. நடந்ததை நான் சொல்கிறேன்.

கோபி குழந்தைக்குப் படப்பை மண்டபத்தில் காது குத்தியதை நீ வீடியோ காலில் பார்த்தாய். மொய் எழுதுகிற மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு மேசை போட்டிருந்ததை மட்டும் யாரும் உனக்குக் காட்டியிருக்க மாட்டார்கள். சேரப்பணஞ்சேரி ரோட்டில் புதிதாக வந்த மெஸ்ஸுக்கு மேப்பில் நம்மைவிட நட்சத்திரம் அதிகம் என்று உங்கப்பாவுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அதனால் அந்த மேசையில் மண்டபத்து வைஃபை பாஸ்வேர்டை எழுதி ஒட்டி, சந்தனமும் கற்கண்டும் வைத்து, வந்தவர்களையெல்லாம் மடக்கினார். "மொய் எழுதிட்டியா, அப்டியே இங்க அஞ்சு ஸ்டார் வெச்சிட்டுப் பந்திக்குப் போ" என்று ஒரே உபசாரம். நம் தெருவையே கண்ணால் பார்க்காத திருத்தணிச் சொந்தக்காரர்கள்கூட "அருமையான சாப்பாடு, அன்பான கவனிப்பு" என்று ஒரு எழுத்து மாறாமல் எழுதினார்கள், சொல்லிக் கொடுத்தவர் யார் என்று உனக்குத் தெரியும். கங்கா அத்தை, "நான் வெச்சத ஞாபகம் வெச்சிக்கோ அண்ணே, எங்க டைலர் கடைக்குத் திருப்பி செய்யணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனாள். சுப்பிரமணி மாமா மட்டும் மூன்றே நட்சத்திரம் வைத்தார். இன்னா மாமா இப்படி என்று உங்கப்பா கேட்டதற்கு, "எம் பொண்ணு கல்யாணத்துல சம்பந்தி முன்னாடியே பாயசம் தண்ணியா கீதுன்னு சொன்னல்ல, அதுக்குத்தான்" என்றார். அன்றைக்கு உண்மையான அபிப்பிராயம் சொன்ன ஒரே மனிதர் அவர்தான்.

அந்த வாரமே மேப்காரர்கள் நம் பக்கத்தை நிறுத்திவிட்டார்கள். ஒரே நாளில் ஒரே மண்டபத்திலிருந்து இத்தனை பேர் புகழ்ந்தால் எந்த மடையனுக்கும் சந்தேகம் வரத்தானே செய்யும். பொய்யோடு சேர்த்து மெய்யும் போய்விட்டது. நம்மிடம் சாப்பிடுகிற வள்ளியூர்ப் பையன் இசக்கிபாண்டி, இந்த ரசத்தைக் குடித்தால் காய்ச்சலில் அம்மா பக்கத்தில் இருப்பது போல இருக்கிறது என்று எழுதியிருந்தான், அதைப் படித்து நான் அழுதேன், அதுவும் இப்போது இல்லை. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து கம்பெனி வேலைக்கென்று ஷேர் ஆட்டோவில் பையும் கையுமாக வந்து இறங்குகிற புதுப் பிள்ளைகள் நம் வாசலில் நின்றுகொண்டே போனில் மெஸ் தேடுகிறார்கள். சாம்பார் வாசனை மூக்கில் ஏறினாலும் போன் காட்டுகிற இடத்துக்குத்தான் போகிறார்கள். ராத்திரிச் சோறு அண்டாவோடு மிஞ்சியது. பாத்திரம் கழுவுகிற காவேரியிடம் பாதி நாள் வந்தால் போதும் என்று சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனாள். இப்படியே இன்னும் இரண்டு மாதம் போனால் கடையைப் பூட்டிச் சாவியைக் கட்டடச் சொந்தக்காரரிடம் கொடுக்க வேண்டியதுதான் என்று கணக்குப் போட்டேன்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நம்பி வைக்காதீர்கள், சாப்பிடுகிறவர்களைச் சேர்த்து ஒரு வாட்ஸப் குரூப் வைத்துக்கொள்ளுங்கள் என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். வைத்தோம். அதில் உங்கப்பா தினமும் ரோஜாப்பூ, பிரதோஷ நேரம், சுடுதண்ணீரின் மகிமை எல்லாம் அனுப்பினார், என்ன குழம்பு என்பதைத் தவிர. கஷ்டகாலத்தில் திறந்து பார்த்தால் அதில் இருந்தது அவரும் நானும் இசக்கிபாண்டியும்தான். அவனும் போனைத் தொலைத்துவிட்டதால் வெளியேற முடியாமல் இருந்திருக்கிறான்.

அப்போதுதான் லேடீஸ் ஹாஸ்டல் முத்துச்செல்வி ஷிப்ட் முடிந்து வந்தாள், தென்காசிப் பக்கத்துப் பெண். "என்னக்கா, மேப்புல தேடுனா உங்க கடையவே காணோம்லா, மூடிட்டியளோன்னு பயந்துட்டோம்" என்றாள். அவளே உட்கார்ந்து உங்கப்பா போனிலிருந்து மேப்காரர்களுக்கு மேல்முறையீடு போட்டாள், கூடவே புது குரூப்பும் ஆரம்பித்தாள். காலையில் ஒரு தடவை என்ன குழம்பு என்று மட்டும் வரும், உங்கப்பாவுக்கு அதில் எழுத உரிமை கிடையாது. மேல்முறையீட்டுக்கு ஒரு வீடியோ வேண்டுமாம், ரோடு தெரிய வேண்டும், பெயர்ப் பலகை தெரிய வேண்டும், கடைக்குரியவர் தன் கையால் பூட்டைத் திறக்க வேண்டும். நமக்குப் பலகை ஏது? "சாப்பாடு ரெடி" என்று சாக்பீஸில் எழுதிய சிலேட்டுதான். நீ மேப் பக்கத்துக்கு வைத்த பெயர் மோகனாஸ் கிச்சன், லைசென்ஸில் உங்கப்பா பெயரில் வரதராஜுலு உணவகம், சாப்பிடுகிறவர்களுக்கு அக்கா மெஸ். முத்துச்செல்வி அந்தப் பக்கத்துக்குள்ளே போய்ப் பார்த்தாள், ஓனர் மோகனப்ரியா, மேனேஜர் உங்கப்பா. "உங்க பேரு எங்கக்கா?" என்று தேடினாள். நானும் தேடினேன். ஒரு போட்டோவில் கரண்டி பிடித்த என் கை இருந்தது, வளையல்வரை. எனக்குச் சுருக்கென்றது மோகனா. உன்மேல் கோபம் என்று நினைக்காதே. கோபம்தான், கொஞ்சம்.

ஆகவே என் பெயரிலேயே ஏலவார்குழலி மெஸ் என்று பலகை எழுதச் சொன்னேன். "இவ்ளோ நீளப் பேரு பலகைல எங்கடி புடிக்கும்" என்றார் உங்கப்பா. அப்போ பலகையைப் பெரிதாக வாங்குங்கள் என்றேன். லைசென்ஸில் பெயர் மாற்றவும் கையெழுத்துப் போட்டார், போட்டுவிட்டு அன்றைக்கு ரசத்தில் உப்பு ஜாஸ்தி என்றார். வீடியோவில் பூட்டைத் திறந்தது நான், போனைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தது அவர். மேப் பக்கம் இன்னும் திரும்பி வரவில்லை. ஆனால் பலகை மாட்டிய அன்றே ஆட்டோவிலிருந்து இறங்கிய நாலு பிள்ளைகள் அதை அண்ணாந்து படித்துவிட்டு உள்ளே வந்தார்கள். மறுநாளிலிருந்து முழு நாளும் வா என்று காவேரிக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

காமாட்சி உனக்கு நல்ல புத்தியும் நல்ல பசியும் தரட்டும், குளிரில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே. ஊறுகாயை ஈரக் கரண்டியால் எடுக்காதே. ஒன்றை மறக்காமல் செய், பக்கம் திரும்பக் கிடைத்தால் சேதி உன் போனுக்குத்தான் வருமாம். வந்த உடனே அதில் ஓனர் என்று இருக்கிற இடத்தில் என் பெயரைப் போடு. அதற்கு ஏதோ நம்பர் வரும் என்றாள் முத்துச்செல்வி, அது என் போனுக்கு வரட்டும், உங்கப்பா போனுக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மா,
வ. ஏலவார்குழலி,
உரிமையாளர்.