வள்ளி பிறந்த தேதி

ஜூலை 16, புதன்

புழுதிக் காற்று. வாசகசாலைப் பலகையில் காலையில் எழுதியது: ‘வரலாற்றில் இன்று – முதல் அணுகுண்டுச் சோதனை, 1945.’ பத்து மணிக்குள் பாதி அழிந்தது. மறுபடி எழுதினேன்.

மதியம் மனைவி வள்ளியோடு காரைக்குடி, ஆதார் திருத்தம். பிறந்த தேதி ஜூன் 1 என்றாள். வரிசையில் முன்னால் நின்ற அம்மாவும் ஜூன் 1. பின்னால் நின்றவரும். பள்ளியில் சேர்க்கும்போது அந்தக் காலத்து ஹெட்மாஸ்டர்கள் போட்ட தேதி. ஊரில் பாதிப் பேர் அன்றுதான் பிறந்திருக்கிறார்கள். நான் சிரித்தேன். வள்ளி சிரிக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில்: “யார் யாரு பெறந்த நாளையெல்லாமோ தேடிப் புடிச்சு எழுதுறீக. நா என்னைக்குப் பெறந்தேன்னு ஒரு நாளாச்சும் கேட்டீகளா?”

இல்லை. முப்பத்தோரு வருடம். மாமன் மகள் என்று ஜாதகம்கூடப் பார்க்காமல் கட்டினேன். சுருக்கென்றது.

ஜூலை 17

ஆடி பிறந்தது. வள்ளியிடம் கேட்டேன். அர்ச்சனைக்குச் சொல்லும் அஸ்த நட்சத்திரம் மட்டும் தெரியுமாம். “ஆத்தாட்டக் கேட்டா மொகத்தத் திருப்பிக்கிரும்.” அத்தை இப்போது இல்லை.

வாங்க: சாக்பீஸ், சீரகம், அவள் முழங்காலுக்குத் தைலம்.

ஜூலை 18, வெள்ளி

பலகை: மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சட்டசபைத் தீர்மானம், 1967. இட்லி வைத்தபடி வள்ளி: “அதுக்குங்கூடத் தேதி இருக்கு.”

அவளிடம் சொல்லாமல் அவள் பிறந்த கானாடுகாத்தான் போனேன், அவள் அக்கா உமையாளைப் பார்க்க. வள்ளி பிறந்தபோது உமையாளுக்கு எட்டு வயது. அப்பாவை அப்பச்சி என்பார்கள்.

“பேங்கையெல்லாம் கவர்மெண்டு எடுத்துக்கிருச்சுன்னு எங்க அப்பச்சிக்கு ரேடியோவே கதி. அந்த நேரம் பாத்து ஆத்தாவுக்கு வலி. விடிஞ்சதும் மருத்துவச்சியக் கூட்டியாரச் சொல்லி நாந்தேன் அப்பச்சிட்ட ஓடுனேன். ‘இரு, சந்திரன்ல கால வைக்கப் போறாக’ன்னு அசையல. பிள்ள அழுத சத்தங் கேட்டுத்தான் எந்திரிச்சாக. அன்னையிலேருந்து அந்த நாளப் பத்தி ஆத்தா வாயத் தெறக்கல.”

நிலவில் கால் வைத்த நாளைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஜூலை 20, 1969. நாளை மறுநாள்.

ஜூலை 19

பலகை: பதினான்கு வங்கிகள் நாட்டுடைமை, 1969. உமையாள் சொன்னதோடு ஒத்துப்போகிறது. சந்தோஷத்தில் ‘வங்கி’யை இரண்டு தடவை தப்பாக எழுதினேன்.

பச்சைச் சுங்கடிச் சேலை வாங்கி, என் அகராதிகளுக்குப் பின்னால் ஒளித்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

காலையில் சேலையைக் கொடுத்துக் கதையைச் சொன்னேன். வள்ளி சிரித்தாள், பிறகு அழுதாள். சேலையை மடியிலேயே வைத்திருந்தாள். இத்தனை வருடம் கேட்காமல் இருந்துவிட்டேனே என்றிருந்தது.

அப்போது அமெரிக்காவிலிருந்து மகன் போன். “இங்க இன்னும் சனிக்கிழமை ராத்திரிம்மா.”

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “சந்திரனுக்குப் போனது எந்த ஊரு ஆளுக? உங்க தேதி எந்த ஊருத் தேதி?”

வாசகசாலைக்கு ஓடினேன். அவர்களுக்கு இருபதாம் தேதி ராத்திரி. நமக்கு இருபத்தொன்று, காலை எட்டரை. பழைய பஞ்சாங்கத்தில் இருபது உத்திரம், இருபத்தொன்று அஸ்தம். பதினோரு வருடமாகப் பலகையில் அமெரிக்கத் தேதியை எழுதிவருகிறேன், யாரும் கேட்டதில்லை.

சேலையை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். “நாளைக்குக் குடுங்க. எங்க அப்பச்சிக்கு ஏத்த மருமகந்தேன்.”

ஜூலை 21, திங்கள்

காற்று இல்லை. பலகையில் ஒரே வரி: ‘1969 – கானாடுகாத்தானில் வள்ளி பிறந்தாள், காலை எட்டரை மணி.’ நிலவுக்கு இடம் இல்லை.

பேப்பர் படிக்க வந்தவர்: “யாரு இவுக, நடிகையா?”

“எங்க வீட்டுல.”

பத்து மணிக்கு வள்ளி வந்தாள், பச்சைச் சேலையில். இந்தப் பக்கமே வராதவள். இரண்டு தரம் படித்தாள். தெருவில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள். முந்தானையால் வருஷத்தை மட்டும் அழித்தாள்.