நாழிகை மண்டபத்துக் காரிநங்கைக்கு உரிய ஈடு

நலம் பெருகுக. கடல் மூன்று புறமும் காக்கும் ஆழிக்குன்ற நாட்டை அறம் வழுவாது ஆளும் பேரரசி நன்னெறிச்செல்வியாரின் ஆணைப்படி, அறங்கூறவையத் தலைவன் பொறைக்கண்ணன், நாட்டின் நான்கு துறைமுக ஊரவையோர்க்கும் விடுக்கும் ஓலை. உங்கள் கலங்கள் கரை சேர்க. உங்கள் கிணறுகள் வற்றாதிருக்க.

வெண்மணற்றுறையில் யாம் கேட்டுத் தீர்த்த வழக்கொன்றை நீங்கள் அறிதல் வேண்டும். அங்கே நாழிகை மண்டபத்தில், அடியில் துளையிட்ட செப்பு வட்டில் நீரில் மூழ்குந்தோறும் மணியடித்து நேரம் அறிவித்தவர் காரிநங்கை. பதினோராண்டு அப்பணி செய்தவர். சென்ற மாரியில் நங்கூரக் கயிறு அறுந்து வீசியதில், இடக்காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். புண் ஆறி ஊன்றுகோலுடன் திரும்பியவரைத் துறை அதிகாரி ஏறன்சாத்தன் மண்டபத்துள் விடவில்லை. அரசுக்கொடியின் கீழ் எவரும் அமரலாகாது, நெடுநேரம் நிற்க இயலாதவர்க்கு அங்கே பணியில்லை என்பது அவர் கூற்று. அவரைக் கொடியவர் என்று சொல்ல மாட்டோம். அன்றே காரிநங்கையின் பெயரை அறச்சாலையின் உணவுப் பட்டியலில் தம் கையாலேயே எழுதி, நல்லது செய்ததாக நம்பியிருந்தார்.

காரிநங்கை அங்கே ஒரு வேளையும் உண்ணவில்லை; எம் அவையில் முறையிட்டார். முடிசூட்டு நாள்தோறும் துறையில் அரசாணைகள் உரக்க வாசிக்கப்படும். கேட்போர் பெரும்பாலும் கொட்டாவி விடுவர். மணியருகே நின்ற இவர் முழுதும் கேட்டிருக்கிறார். உடற்குறை காட்டி, செய்யவல்ல பணியிலிருந்து ஒருவரை விலக்கலாகாது; விலக்கினால் பணியும் தந்து, இழப்புக்கு ஈடும் தர வேண்டும் என்னும் பதினேழாம் ஆணையை ஒரு சொல் பிசகாமல் அவையில் ஒப்பித்தார். எம் எழுத்தர் ஏட்டைப் புரட்டிச் சரிபார்க்கத்தான் நேரமாயிற்று.

வழக்கு நடந்த மூன்று நாளும் படகோட்டிகள் அவை வாயிலில் கூடிக் கேலி பேசினர். ஒற்றைக்கால் கொக்குக்குத் தவம் இருக்க மணி எதற்கடி என்றான் ஒருவன். கொக்கு எப்போதடா மீனைத் தவறவிட்டது என்று கேட்டுவிட்டு அவர் உள்ளே வந்தார். சிரிப்பு அவன் பக்கம் திரும்பியதை யாமே கண்டோம்.

பணியைத் தாமதமின்றிச் செய்வாரா என்பதே ஐயமாகையால், நேரில் காணச் சென்றோம். மணியை ஒரு முழம் தாழ்த்தி, வட்டிலருகே அவர் அமரப் பலகையொன்று இடச் செய்தோம். தச்சனுக்கு அது அரைநாள் வேலைகூட இல்லை. விடியல் முதல் உச்சிவரை பதினைந்து முறையும், வட்டில் மூழ்கிய கணமே மணி ஒலித்தது. பிற்பகல், அவர் இடத்தில் அமர்த்தப்பட்டிருந்த ஆளின் முறை. வட்டில் நீரடியில் கிடந்தது. இரு கால்களும் நலமாயுள்ள அவர் வெற்றிலை வாங்கப் போயிருந்தார்.

ஏறன்சாத்தன் தலைகுனிந்து, அறச்சாலை நிலத்தில் ஒரு பங்கு தருவதாகச் சொன்னார். காரிநங்கை மறுத்தார். தமக்கு நேர்ந்தது தவறு என்றும், அதற்கு உரியதைத் தருமம் என்று எழுதினால் தவறே நடக்கவில்லை என்றாகிவிடும் என்றும் அவர் கூறினார். முப்பதாண்டு வழக்குக் கேட்ட எமக்கு அதுவரை அது தோன்றியதில்லை.

ஆகவே அறிக. காரிநங்கை பணியிழந்த ஏழு திங்களின் ஊதியமும், அவமதிப்புக்கென அதே அளவு ஈடும் துறை அதிகாரியின் பொறுப்பில் தரப்படும். அது தண்ட ஏட்டில், காரணத்துடன் எழுதப்படும். அமர்ந்தே அவர் பணி செய்வார். உங்கள் துறைகளிலும் எவரையேனும் விலக்க எண்ணும் முன், பணிக்கு எது தேவை, எதை மாற்றினால் இயலும் என்று அவரையே கேளுங்கள். கேளாமல் விலக்கியவர் எம்முன் விடை சொல்வார்.

வெண்மணற்றுறை அவையில், ஆடித் திங்கள் ஒன்பதாம் நாள், காலை ஏழாம் நாழிகைக்கு மணி ஒலித்தபோது இவ்வோலைக்குச் சங்கு முத்திரை இடப்பட்டது. மணி அடித்தவர் காரிநங்கை.