சிமென்ட் மரத்துக்கு வைத்த பொட்டு

செவ்வாய், இரவு

தாராவிப் பள்ளியின் பழைய நூலகத்தைக் காடு மாதிரி ஆக்குகிறோம். நடுவில் நான் பூசிய சிமென்ட் ஆலமரம் நிற்கிறது. காலையில் விளையாட்டாக அதற்கு மஞ்சள் துணி கட்டிக் குங்குமம் வைத்தேன். கொத்தனார் மாடசாமி கும்பிட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மதியம் பெயின்டர் செல்வம் இலைக்குப் பச்சை அடிக்கச் செருப்போடு ஏறினான்.

“சாமி மேல செருப்போட ஏறுதியால?” மாடசாமி அவனை இழுத்துப் போட்டு, சிமென்ட் பூசும் கரண்டியால் முகத்திலேயே வெட்டினார்.

“அண்ணாச்சி, விடும்! அது நான் சும்மா வச்ச பொட்டு!”

“எவன் வச்சா என்னல? வச்சாச்சுன்னா சாமிதான்.” மறுபடியும் வெட்டினார்.

செல்வத்தின் கண் தப்புமா என்று ஆஸ்பத்திரியில் நாளைக்குத்தான் சொல்வார்களாம்.

சாயங்காலம் மிச்ச இலைக்குப் பச்சை அடிக்கும்படி வேலையைக் குத்தகை எடுத்த சேட் என்னிடம் சொன்னார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினேன்.