அடுப்புக்கு மேலே இருந்த வயலின்

நவம்பர் 18, செவ்வாய்.

மகள் கவிதா கத்தாரிலிருந்து பேசினாள். அடுத்த மாதம் லீவில் வருகிறாள்.

"அப்பா, என் வயலினுக்குப் புதுக் கம்பி வாங்கிட்டு வர்றேன். ஸ்டீலா நைலானா, பாத்துச் சொல்லுங்க."

அடுப்புக்கு நேர் மேலே, மிளகு காயும் பரணிலிருந்து வயலின் பெட்டியை இறக்கித் திறந்தேன். ஈரம் பிடிக்கக் கூடாதென்று மனைவி லெட்சுமி அங்கே வைத்திருந்தாள். மழை நாட்களில் அதற்காகவே இரவெல்லாம் அடுப்பில் நெருப்பை வைத்திருப்பாள். கம்பியில் துருவே இல்லை. ஆனால் சூட்டில் பசை விட்டு, வயலினின் மேல்பலகை ஓரத்தில் வாய் பிளந்திருந்தது. நகம் உள்ளே போனது.

"எப்பிடிங்க இருக்கு?" என்று லெட்சுமி வெளியிலிருந்து கேட்டாள்.

"பொட்டு ஈரமில்ல" என்றேன். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

கவிதாவுக்கு ஸ்டீல் போதும் என்று மெசேஜ் போட்டேன். "அம்மா பத்திரமா வச்சிருப்பாங்கன்னு தெரியும்" என்று பதில் வந்தது. யாரிடம் முதலில் சொல்வதென்றே தெரியவில்லை. அசதியாக இருக்கிறது.

பெட்டியை அலமாரிக்குள் மாற்றிவிட்டேன். லெட்சுமிக்குத் தெரியாது. மழை விடவில்லை. படுக்கும் முன் வழக்கம்போல அடுப்பில் ஒரு கட்டையைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறாள். அணைக்கப் போனேன். மனசு வரவில்லை. எரியட்டும்.