டன்மானஸ் வளைகுடாவும் நம் வீட்டு முறையும்

காத்திவாக்கம்
1953 ஆவணி

சிரஞ்சீவி ஜெயவேலுவுக்கு நைனா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் தங்கை நீலாவும் இருக்கிறோம், சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நீ சுகமாய்த்தான் இருக்கிறாய் என்று உன் கடிதமே சொல்லிவிட்டது.

அயர்லாந்தில் நீ வேலைக்குப் போயிருக்கும் டன்மானஸ் வளைகுடாவைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருந்தாய். இரண்டு கரையிலும் மலை நீண்டுகொண்டே போகும், நடுவில் கடல் ஆறுபோலக் குறுகிக்கொண்டே பல மைல் உள்ளே வரும், கடல் நுழையும் வாயில் பனை உயரம் எழும் அலை கடைக்கோடி ஊருக்கு வருவதற்குள் அடங்கிவிடும், நம் முகத்துவாரம்போல மணல் அடைத்து மூடுவதே இல்லை என்றெல்லாம். நீர் வற்றினால் எந்தப் பாறை தலைகாட்டும், கானாங்கெளுத்தி எந்தக் கரையோரம் உள்ளே வரும் என்பது வரை எழுதியிருந்தாய். நீலாவுக்கு மாப்பிள்ளை பார்த்தீர்களா என்று ஒரு வரி இல்லை. கடைசியில் மட்டும், சீக்கிரம் வருகிறேன்.

எனக்கு முழங்கால் போனதிலிருந்து, முகத்துவாரத்தில் இறால் பிடிக்க நம் வீட்டு முறை வரும்போதெல்லாம் இறங்க ஆளில்லை. அதை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடலாம் என்று போன அமாவாசையன்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு வந்தது. என் மகன் வருவான் என்று காட்டத்தான் உன் கடிதத்தை எல்லார் எதிரிலும் உரக்க வாசித்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கூட்டத்தை நடத்திய ஊர் நாட்டார் தண்டபாணி அந்தப் பாறை வரைக்கும் கேட்டுவிட்டு, அவன் அங்கியே வலை போட்டுக்கினு கீறான், ஒருத்தனுக்கு ரெண்டு தண்ணில முறை ஏது என்றார். ஒரு தண்ணீரை அவ்வளவு தெரிந்துகொண்டவன் திரும்ப மாட்டான் என்று எனக்குத் தெரியாதா.

தைக்குள் மகன் வருவான் என்று அம்மன் எதிரில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய், முறை உன் வீட்டிலேயே நிற்கும் என்றார்கள். என்னால் கை நீட்ட முடியவில்லை. ஓரமாய் நின்ற உன் அம்மா கூட்டத்துக்குள் புகுந்து, என் புள்ள வருவான், நான் சொல்றேன் என்று எரிகிற கற்பூரத்தின்மேல் உள்ளங்கையை அடித்துவிட்டாள். பொம்பளை சத்தியமானாலும் செல்லும் என்று தை வரைக்கும் முறையை நம் வீட்டுக்கே விட்டார்கள். கையெல்லாம் கொப்புளம், மீன் கூடையை நீலாதான் தூக்கிக்கொண்டு போகிறாள்.

குளிரில் காதை மூடிக்கொள். அம்மன் உனக்கு நீண்ட ஆயுசு கொடுக்கட்டும். இனி மலையும் அலையும் எழுத வேண்டாம், கப்பல் ஏறும் தேதியை மட்டும் எழுது. வருவதில்லை என்றால் எழுதுமுன் ஒன்றை நினைத்துக்கொள். உன் அம்மாவுக்கு எழுத்து தெரியாது, அதை நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
உன் நைனா சுப்புராயன்