வட்டமாகப் போட்ட கையெழுத்து

காலிஸ் மில், அலபாமா
9 மே 1966

அன்புள்ள கிளியோட்டிஸ்,

டெட்ராய்ட்டில் தங்கை வீட்டில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்த உறை இரண்டு முறை ஒட்டப்பட்டதுபோல் இருந்தால், அதையும் குறித்துக்கொள். நம் தபால்காரரின் மைத்துனன் ஆலையில் மேஸ்திரி. அதனால் ஒன்பது மைல் தள்ளிப் போய் இதைப் போடுகிறேன்.

இங்கே எல்லோரும் நலம். ஒருவரையொருவர் நம்புவதில்லை, அவ்வளவுதான். போன வியாழன் சங்கக் கூட்டத்தில் நாற்பது நிமிடம் யாரும் பேசாமல் உட்கார்ந்திருந்து, ஏகமனதாகக் கலைந்தோம். காட்டிக்கொடுத்தவனைக் கண்டுபிடிக்கக் குழு ஒன்று போட்டிருக்கிறார்கள். தலைவர் நான்.

கிரேன் வேலை வெள்ளையருக்கு மட்டும் என்பதை எதிர்த்து நாம் பதினொரு பேர் ஆலைக்குத் தெரியாமல் வாஷிங்டனுக்கு மனு எழுதினோம். முதலில் போட்டவன் யாரென்று தெரியக் கூடாதென்று, தட்டைக் கவிழ்த்து வட்டம் வரைந்து, அதைச் சுற்றிக் கையெழுத்திட்டோம். ஒரே வாரத்தில் பத்துப் பேரைக் கரிச்சூளைக்கு மாற்றினார்கள். உன்னை மட்டும் தொடவில்லை.

மாற்றல் வந்ததும் கூடிய கூட்டத்தில் முதலில் எழுந்தவன் நான். "பத்துப் பேரு தொப்பலா நனைஞ்சிருக்கோம். ஒருத்தன் மட்டும் காஞ்சுபோய் நிக்கிறான். குடை எந்தக் கடையில வாங்குனான்னு கேளுங்கப்பா" என்றேன். சிரித்தார்கள். நீ தொப்பியை எடுத்துக்கொண்டு, "பதினோரு வருஷம் கிரேன் ஓட்டியும் ஆலையில எனக்கு எடுபிடின்னுதான் பேரு. இப்ப நீங்களும் ஒண்ணு வெச்சுட்டீங்க. நல்லா இருங்கடா" என்று சொல்லிவிட்டுப் போனாய். குற்றமில்லாதவனுக்கு இவ்வளவு சுருக்காகப் பதில் வருமா என்று அதையும் சந்தேகத்தில் சேர்த்துக்கொண்டோம்.

நேற்று ஆராதனை முடிந்து மீன் வறுவல். சபைக் காரியதரிசி சிஸ்டர் வெர்லீன் என் பங்கைப் பழைய சபைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள். எண்ணெயில் ஊறிய அந்தத் தாளில் மார்ச் மாத ஜெபப் பட்டியல்: "வேலையில் நீதி கேட்டுக் கையெழுத்திட்ட சகோதரர்களுக்காக." கீழே பத்துப் பெயர்கள். அதற்கும் கீழே பொடி எழுத்தில், "ஆலை அச்சகத்தின் அன்பளிப்பு." ஒன்பது வருடமாக அவர்கள்தான் இலவசமாக அச்சடித்துத் தருகிறார்கள். ஆண்டுவிழாதோறும் கைதட்டி நன்றி சொல்கிறோம். வெர்லீன் அந்தப் பெயர்களை உரக்கப் படித்தபோது ஆமென் என்றும் சொன்னோம், கண்ணை மூடிக்கொண்டு.

அவளிடம் தாளை நீட்டினேன். "ஏன் தம்பி முறைக்கிற? பேரு சொல்லி வேண்டினாத்தானே ஆண்டவருக்கு ஆளு தெரியும்? எழுதிக் குடுத்ததே நீதானே!" என்றாள்.

நான்தான். வட்டத்தை நேர்கோடாக்கியவனும் நான்தான். என் பெயர் முதலில் இருக்கிறது. உன் பெயர் இல்லை. "நானே வராத சபைக்கு என் பேரு மட்டும் எதுக்கு வரணும்" என்று நீ சொன்னதால் விட்டுவிட்டேன்.

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. வெர்லீனுக்கு நான் ஏன் முறைத்தேன் என்று தெரியாது. குழுவின் விசாரணை மும்முரமாக நடக்கிறது. தலைவரை யாரும் சந்தேகிக்கவில்லை.

பத்தொன்பதாம் தேதி வாஷிங்டனிலிருந்து விசாரணை அதிகாரி வருகிறார். கறுப்பருக்குக் கிரேன் ஓட்டத் தெரியாது என்று ஆலை சொல்லப் போகிறது. நாங்கள் பத்துப் பேரும் மறுக்கலாம், ஆனால் எங்களில் ஒருவனும் ஓட்டியதில்லை. வெள்ளைக்கார ஹாஸ்கெலுக்குக் கிரேன் நெம்புகோலைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்து, பிறகு அவனுக்கே எடுபிடியானவன் நீ. நீ வராவிட்டால் வழக்கு இல்லை. பத்துப் பேரும் சூளையிலேயே வேக வேண்டியதுதான்.

பதினெட்டாம் தேதி மாலை பேருந்து நிலையத்தில் நிற்பேன். அதற்குள் நானே எழுந்து உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று எழுத ஆசை. ஆனால் என்னை நம்பாதே. இந்தக் கடிதத்தைக் கையோடு கொண்டு வா. நான் வாய் திறக்காவிட்டால் நீயே உரக்கப் படி. என் எழுத்து எல்லோருக்கும் தெரியும்.

கர்த்தர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். இந்த முறையும் பெயர் சொல்லாமல்தான் வேண்டிக்கொள்கிறேன்.

ஓசெல் டார்ப்லி